குமிழி வந்த எடம் ஒண்ணு, காத்து போன எடம் வேற: ஒரு டியூப்லெஸ் சைக்கிள் டயர் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது நாகர்கோவில்ல நடந்தது, போன வருஷம் பிப்ரவரி கடைசில ஆரம்பிச்சு ஜூலை வரைக்கும் போச்சு. நான் இங்க சின்னதா ஒரு சைக்கிள் ஒர்க்‌ஷாப் வச்சிருக்கேன், வர்றதுல முக்கால்வாசி ஸ்கூல் பிள்ளைங்க சைக்கிளும் சாதா கியர் சைக்கிளும்தான், டியூப்லெஸ் போட்ட வண்டி மாசத்துக்கு நாலோ அஞ்சோ வரும். சம்பந்தப்பட்டவர் முப்பது வயசு தாண்டின ஒரு அரசு ஊழியர், குலசேகரம் பக்கம் ஊரு. அவர் சம்மதத்தோடதான் எழுதுறேன், பேரு வேண்டாம்னு சொன்னதால ரைடர்னே சொல்றேன்.

அவரு கிட்ட இருந்தது ஒரு கிராவல் சைக்கிள், 700-க்கு 40 டயர், ரிம்மு உள் அகலம் 23 மில்லிமீட்டர், 28 கம்பி. ரிம்முலயும் டயர்லயும் டியூப்லெஸ் ரெடின்னு போட்டிருக்கு, ஆனா கம்பெனில இருந்து வரும்போது டியூப் போட்டுத்தான் வந்துச்சு. எடை 76 கிலோ. ஜூலைல 300 கிலோமீட்டர் பிஆர்எம் ஒண்ணு, அதாவது குறிச்ச நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய தொலைதூர சைக்கிள் ஓட்டம், ஓட்டணும்னு தயார் பண்ணிட்டு இருந்தாரு, அதுக்கு 20 மணி நேரம்தான் டைம், பஞ்சர் ஒட்டுறதுக்கும் அதுலதான் நேரம் எடுக்கணும்.

ஞாயித்துக்கிழமை ஆனா கன்னியாகுமரி, கூடங்குளம், உவரி வழியா திருச்செந்தூர் போயிட்டு வர்றது அவரோட பழக்கம். அந்த ரோடு தெரிஞ்சவங்களுக்கு சொல்ல வேண்டாம், கூடங்குளம் தாண்டிட்டா ரெண்டு பக்கமும் உடைமரமும் சீமைக்கருவேலமும்தான், ஆட்டுக்கு நெத்து உலுக்க வர்றவங்க ஒடிச்சுப் போட்ட கிளையும், வேலி வெட்டின மிச்சமும் காத்துல உருண்டு ரோட்டு ஓரத்துக்கு வந்துரும். டிசம்பர்ல இருந்து பிப்ரவரிக்குள்ள 7 பஞ்சர், ஏழும் முள்ளு. ஒரு நாள் ஒரே ரைடுல ரெண்டு டியூப் போயி உவரில பஸ்ஸுக்கு நின்னுருக்காரு, சைக்கிளை ஏத்த மாட்டேன்னுட்டாங்க. அதுக்கு அப்புறம்தான் டியூப்லெஸ் மாத்திரலாம்னு முடிவு பண்ணினாரு. முடிவு சரியான முடிவுதான், முள்ளு ஓட்டைக்கு டியூப்லெஸ் மாதிரி வேற மருந்து கிடையாது, ஓட்டை சின்னது, உள்ள ஊத்தி வச்சிருக்குற சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்குற பால் மாதிரி திரவம், அந்த செகண்டே வந்து அடைச்சிரும்.

வீட்ல நடந்த முதல் முயற்சி

ரிம்முல இருக்குற கம்பி ஓட்டையை காத்து போகாம மூடுற டேப், வால்வ், சீலன்ட் எல்லாம் ஆன்லைன்ல வாங்கி, வீடியோ பாத்து அவரே வீட்ல மாட்டிருக்காரு. டேப் 21 மில்லி அகலம், அதுதான் அன்னைக்கு ஸ்டாக்ல இருந்துச்சாம். ரிம்முல ஒட்டிப் பாத்தா கம்பி ஓட்டை எல்லாமே மூடியிருக்கு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு, ரெண்டு சுத்து சுத்திட்டாரு. வால்வுக்கு பிளேடால குறுக்கும் நெடுக்குமா ஒரு கீறல் போட்டு வால்வை உள்ள தள்ளியிருக்காரு.

முன் சக்கரம் சாதா பம்புலயே உக்காந்துருச்சு. பின் சக்கரம் எவ்வளவு அடிச்சாலும் டயர் ஓரம் வழியா காத்து வெளிய போயிட்டே இருந்துச்சு, ஏன்னா டயர் ரெண்டு பக்கமும் ரிம்மோட தோள்ல, அதாவது உள் ஓரத்து மேட்டுல, ஏறி உக்கார்ற வரைக்கும் காத்து உள்ள நிக்காது, காத்து நிக்காம டயர் ஏறாது, அதனால ஒரே மூச்சுல நெறைய காத்து போகணும். வால்வுக்குள்ள இருக்குற கோர்ங்கிற சின்ன ஊசியைக் கழட்டிட்டு பம்ப் பண்ணினா வழி பெருசாகும், அது அவருக்கு அப்ப தெரியல. பக்கத்துல இருந்த பைக் பஞ்சர் கடைக்கு கொண்டு போயி, சைக்கிளோட மெல்லிசான பிரெஸ்டா வால்வுக்கு அடாப்டர் மாட்டி கம்ப்ரெஸ்ஸர்ல அடிச்சாங்க, டப்பு டப்புன்னு ரெண்டு சத்தம், உக்காந்துருச்சு. அந்த கடைக்காரர் கேஜ் பாத்து 40 பிஎஸ்ஐல நிறுத்தினது பெரிய உதவி. கேஜ் பாக்காம நூறைத் தாண்டி அடிச்சு டயர் ரிம்மை விட்டுப் பறந்தா பக்கத்துல நிக்கிறவங்க காது, கண்ணு எல்லாம் போயிரும்.

ராத்திரி 45 பிஎஸ்ஐ வச்சா காலைல 15. சீலன்ட் பத்தலைன்னு நினைச்சு இன்னும் 60 மில்லி ஊத்திருக்காரு, மறுநாளும் அதே கதை, இன்னொரு 60. வால்வ் பக்கம் ஈரம் தெரிஞ்சதால வால்வ் நட்டை பிளையர் வச்சு முறுக்கிட்டாரு. ஒரு வாரம் இப்படியே போயி, "சீலன்ட் டூப்ளிகேட்டா இருக்கும்ணே"ன்னு சொல்லிட்டே மார்ச் முதல் வாரம் நம்ம கடைக்கு வந்தாரு.

கடைல பாத்தது

சக்கரத்தைக் கழட்டி 50 பிஎஸ்ஐ அடிச்சு தொட்டில முக்கினேன். டயர் ஓரத்துல ஒண்ணும் இல்ல, டயர் மேலயும் ஒண்ணும் இல்ல. குமிழி வந்தது வால்வ் நட்டுக்கு அடியில நல்லா பொங்கி, அப்புறம் வால்வுக்கு ரெண்டு பக்கமும், கம்பியை ரிம்முல பிடிக்குற நிப்பிள் ஓட்டை நாலுல மெதுவா ஒண்ணு ஒண்ணா, கடைசியா வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் ரிம்மு ஜாயின்ட்ல பொடிப்பொடியா.

சக்கரத்தை எடுத்து காதுகிட்ட வச்சு ஆட்டினா உள்ள களக் களக்குன்னு தண்ணி சத்தம். டயருக்குள்ள இருக்குற சீலன்ட் சத்தம்னு அப்ப எடுத்துக்கிட்டேன், அதை இன்னும் கொஞ்சம் கவனிச்சு கேட்டிருக்கணும். டயருக்குள்ள ஆடுற சீலன்ட் மந்தமா கேக்கும். இது அலுமினியத்துல தட்டுற சத்தம், கனமில்லாம, கணீர்னு.

முதல் முடிவு, அது தப்பாப் போச்சு

குமிழி அதிகமா வந்தது வால்வ்ல, நட்டை பிளையர் போட்டு முறுக்கினதுல வால்வோட அடி ரப்பரும் ஒரு பக்கம் நசுங்கி பிதுங்கியிருந்துச்சு. அதனால வால்வ்தான் காரணம்னு முடிவு பண்ணி, கூம்பு மாதிரி அடி உள்ள வேற வால்வ் மாத்தி, நட்டை கையாலயே முறுக்கி குடுத்து அனுப்பினேன். டேப்பைத் திறந்து பாக்கல. டயரை ஒரு பக்கம் மட்டும் கழட்டி வால்வ் மாத்தினா பத்து நிமிஷ வேலை, டேப் மாத்தணும்னா ரெண்டு நாள் சக்கரம் கடைல இருக்கணும், அவருக்கு ஞாயித்துக்கிழமை ஓட்டணும். அன்னைக்கு நான் போட்ட கணக்கு இதுதான், நேரத்தைப் பாத்தேன், குமிழி என்ன சொல்லுதுன்னு பாக்கல.

அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் காத்து நின்னுச்சு. மறுநாள் காலைல 20.

இந்த எடத்துல ஒரு விஷயத்தை விளக்கிரணும், இந்த முழு நிகழ்வும் இதுலதான் நிக்குது. 1999-ல மாவிக் கம்பெனி, மிஷ்லின், ஹட்ச்சின்சன் கூட சேந்து யுஎஸ்டின்னு கொண்டு வந்த முதல் டியூப்லெஸ் சைக்கிள் ரிம்முல டயர் உக்கார்ற உள் தளத்துல கம்பி ஓட்டையே கிடையாது, வால்வுக்கு மட்டும்தான் ஓட்டை, டேப்பே வேண்டாம். இப்ப நாம வாங்குற டியூப்லெஸ் ரெடி ரிம்மு அப்படி இல்ல, உள் தளத்துல ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு ஓட்டை, நம்ம ரைடர் ரிம்முல 28, வால்வோட 29. இந்த 29 ஓட்டைக்கும் காத்துக்கும் நடுவுல இருக்குறது ஒரு டேப் மட்டும்தான். டேப்போட ஏதோ ஒரு ஓரத்துல காத்து உள்ள பூந்துருச்சுன்னா அது ரிம்மோட உள்கூட்டுக்குள்ள, அந்த ரெண்டு சுவருக்கு நடுவுல இருக்குற வெத்து எடத்துக்குள்ள போயிரும், அங்க இருந்து வெளிய வர வால்வ் ஓட்டை, நிப்பிள் ஓட்டை, ஜாயின்ட்னு எது லேசா வழி விடுதோ அது வழியா வரும். வால்வ் ஓட்டைதான் இருக்குறதுலயே பெருசு, அதனால அங்கதான் பொங்கும். தொட்டில நாம பாக்குறது காத்து வெளிய வர்ற வாசல், உள்ள பூந்த ஓட்டை சக்கரத்தோட அந்தக் கடைசில கூட இருக்கலாம். வால்வ் மட்டும் கெட்டிருந்தாலும் அந்த கூட்டுக்குள்ள காத்து போகும், அதனாலதான் ஏமாந்தேன். ஆனா நாலு நிப்பிளும் ஜாயின்ட்டும் சேந்து குமிழி விடுதுன்னா டேப்பைத் திறந்து பாக்காம யாரையும் அனுப்பக் கூடாது.

திறந்து பாத்தப்ப

ரெண்டாவது தடவை வந்ததும் டயரை முழுசா கழட்டிட்டேன். டேப் மேல பாத்தா வெள்ளையா காய்ஞ்ச ரப்பர் படலம், அதுக்கு அடியில டேப் அங்கங்க கொப்பளம் மாதிரி எழும்பி இருக்கு, விரலால அமுக்குனா கொப்பளம் நகருது, ஓரத்துல பால் கசியுது. ரிம்மோட உள் தளம் தட்டையா இருக்காது, நடுவுல பள்ளம், ரெண்டு பக்கமும் தோள். 23 மில்லி ரிம்முன்னா அந்த பள்ளத்துல இறங்கி ஏறுறதுக்கே டேப் அகலத்துல கொஞ்சம் போயிரும். 21 மில்லி டேப் இடது பக்கத் தோளைத் தொடவே இல்ல, சுமார் 2 மில்லி வெத்து ரிம்மு தெரியுது. அதுக்கு மேல, வால்வுக்கு போட்ட பிளேடு கீறலோட ஒரு முனை கிழிஞ்சு ஒரு சென்டிமீட்டர் நீண்டிருந்துச்சு. நேரா வெட்டின கீறல் அப்படித்தான், இழுவை வந்தா கிழிஞ்சிட்டே போகும்.

டேப்பை உரிச்சு ரிம்மை சாச்சு வச்சா கம்பி ஓட்டை வழியா சீலன்ட் சொட்டுச்சு, ஒரு கிண்ணத்துல பிடிச்சதுல அரை டம்ளர் கிட்ட தேறிருச்சு. அவர் ஊத்தின சீலன்ட்ல பாதிக்கு மேல டயருக்குள்ள இல்லவே இல்ல, ரிம்முக்குள்ள போயி உக்காந்திருந்துச்சு. களக் களக் சத்தம் அதுதான். சீலன்ட் மேல தப்பே இல்ல, ஒவ்வொரு தடவையும் டேப் ஓரத்தை அடைக்கப் பாத்து கொஞ்ச நேரம் பிடிச்சு, ரைடர் ஏறி ஓட்டினதும் டேப் அசைஞ்சு மறுபடியும் திறந்திருக்கு, அந்த வழியா இன்னும் கொஞ்சம் சீலன்ட் அடியில பூந்து இருக்குற பசையையும் தூக்கிவிட்டிருக்கு. அதாவது ஊத்த ஊத்த நிலைமை மோசமாயிருக்கு.

மறுபடியும் முதல்ல இருந்து

இந்த தடவை சக்கரத்தை மூணு நாள் வச்சுக்கிட்டேன், அவரும் ஒத்துக்கிட்டாரு.

முதல் நாள் சுத்தம் பண்ணதுலயே போச்சு. காய்ஞ்ச ரப்பரை நகத்தாலயும் பிளாஸ்டிக் லீவராலயும் உருட்டி எடுத்தேன், இரும்பு எதுவும் தொடல, ரிம்மோட தோள்ல ஒரு கீறல் விழுந்தா அது நிரந்தர லீக். அப்புறம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டு துணி வெள்ளையா வர்ற வரைக்கும் துடைச்சு, உள்கூட்டுல இருக்குற ஈரம் காய ராத்திரி முழுக்க ஃபேனுக்கு முன்னாடி தொங்க விட்டேன். ஈரம் இருந்தா டேப் பிடிக்காது, இதுல அவசரப்பட்டா திரும்பவும் அதே எடத்துக்குத்தான் வரணும்.

ரெண்டாவது நாள் டேப். உள் அகலத்தை வெர்னியர் வச்சு அளந்தேன், 23 சரிதான், 27 மில்லி டேப் எடுத்தேன். பள்ளத்துல இறங்கி ரெண்டு தோளையும் மூடி, பக்கச் சுவர்ல ஏறாம நிக்கணும், சுவர்ல ஏறிட்டா டயர் ஓரம் சரியா உக்காராது, அதனால ரொம்ப அகலமும் ஆகாது. வால்வ் ஓட்டைக்கு ஒரு சாண் முன்னாடி ஆரம்பிச்சு, டேப்பை நல்லா விறைப்பா இழுத்து, ஒரு கை இழுக்க மறு கை கட்டைவிரல் பள்ளத்துல அமுக்கிக்கிட்டே சுத்தி வந்து, வால்வ் ஓட்டையை மறுபடி தாண்டி ஒரு சாண் போயி முடிச்சேன். அப்ப வால்வ் எடத்துல ரெண்டு அடுக்கு வரும், வால்வோட அடியும் அந்த எடத்தை இறுக்கிப் பிடிச்சுக்கும். ஒட்டினதும் உடனே டியூப்லெஸ்ஸா மாட்டல, ஒரு டியூப்பை உள்ள போட்டு டயரை மாட்டி 50 பிஎஸ்ஐ அடிச்சு ராத்திரி முழுக்க விட்டேன், டியூப் விரிஞ்சு டேப்பை ஒவ்வொரு அங்குலமா பள்ளத்துல அழுத்தி ஒட்ட வச்சிரும். இதோட இன்னொரு லாபம், டயரோட ஒரு பக்கம் தோள்ல ஏறி உக்காந்துரும், டியூப்பை எடுக்கும்போது மறு பக்கத்தை மட்டும் கழட்டினா போதும், அப்புறம் சாதா பம்புக்கே டயர் ஏறிரும்.

மூணாவது நாள் கோணி ஊசியை அடுப்புல நல்லா சூடாக்கி வால்வ் ஓட்டையைக் குத்தினேன். சூட்டுல குத்தினா ஓட்டையோட விளிம்பு உருகி உருண்டு நிக்கும், கிழியாது. கூம்பு வால்வை உள்ள வச்சு நட்டை கையால முறுக்கி, டயர் ஓரத்துல சோப்புத் தண்ணி தடவி, வால்வ் கோரைக் கழட்டிட்டு பம்ப் பண்ணினேன், ரெண்டு சத்தத்துல உக்காந்துச்சு. டயர்ல ரிம்மை ஒட்டி ஒரு மெல்லிசான கோடு அச்சாகி இருக்கும், அது சுத்தி எல்லா எடத்துலயும் ரிம்முல இருந்து ஒரே தூரத்துல தெரிஞ்சா உக்காந்தாச்சுன்னு அர்த்தம். ஒரு எடத்துல அந்தக் கோடு உள்ள போயிருந்துச்சு, மறுபடி சோப்பு தடவி கொஞ்சம் கூட அடிச்சதும் வெளிய வந்துருச்சு.

இப்ப இன்னும் ஒரு சொட்டு சீலன்ட் ஊத்தல. காய்ஞ்ச சக்கரத்தை 45 பிஎஸ்ஐல தொட்டில முக்கினேன். வால்வ்ல குமிழி இல்ல, நிப்பிள்ல இல்ல, ஜாயின்ட்ல இல்ல. டயர் ஓரத்துல ரெண்டு எடத்துல பொடி குமிழியும், டயர் பக்கவாட்டுல வியர்வை மாதிரி முத்து முத்தாவும் வந்துச்சு, அது பரவாயில்ல. பைக் டியூப்லெஸ் டயருக்கு உள்பக்கம் காத்து புகாத தடிச்ச ரப்பர் லைனிங் உண்டு, அதனால சீலன்ட் இல்லாமலே ஓடும். சைக்கிளோட டியூப்லெஸ் ரெடி டயர் எடை குறைக்க மெல்லிசா நெய்தது, அந்த வியர்வையை அடைக்குறதுக்குத்தான் சீலன்ட் வேணும். ராத்திரி 8 மணிக்கு 45 வச்சது காலைல 7 மணிக்கு 31 காட்டுச்சு. சீலன்ட் இல்லாமலே இவ்வளவு நின்னா டேப் நல்லா இருக்கு.

அதுக்கு அப்புறம்தான் கோரைக் கழட்டி வால்வ் வழியா 60 மில்லி சீலன்ட் விட்டு, சக்கரத்தை சுத்தி, ஒரு வாளி மேல இந்தப் பக்கம் இருபது நிமிஷம் அந்தப் பக்கம் இருபது நிமிஷம் படுக்க வச்சேன். 42 வச்சு அனுப்பினேன். மறுநாள் காலைல அவரு மெசேஜ் போட்டாரு, 40. ஒரு வாரம் கழிச்சும் ரெண்டு நாளைக்கு ஒருக்க ரெண்டு பிஎஸ்ஐ ஏத்தினா போதும்னு சொன்னாரு. முன் சக்கரமும் அதே 21 டேப்தானே, அது தானா தகராறு பண்றதுக்கு முன்னாடி அதையும் மாத்திட்டோம்.

ஆறு வாரம் கழிச்சு, உவரி ரோட்ல

ஏப்ரல் கடைசி, சித்திரை வெயில். ரைடர் திருச்செந்தூர்ல இருந்து திரும்பி வந்துட்டு இருக்காரு, உவரிக்கு கொஞ்சம் முன்னாடி பாட்டில் கண்ணாடி ஒண்ணு பின் டயர்ல ஏறி டிரெட்டோட ஓரத்துல சுமார் 6 மில்லிக்கு வெட்டு விழுந்துருச்சு. சீலன்ட் பீச்சி அடிச்சு கால்ல, ஃபிரேம்ல எல்லாம் வெள்ளை. அந்த அளவு வெட்டை சீலன்ட் மட்டும் அடைக்காது, பிளக் வைக்கணும், அதாவது வெட்டுக்குள்ள ரப்பர் திரியைத் திணிக்கணும். அவர்கிட்ட பிளக் கருவி இருந்துச்சு, ஆனா அதுல இருந்த திரி ஒன்றரை மில்லி தடிமன்தான். பம்ப் எடுத்துட்டு போகல, எடை குறையட்டும்னு 16 கிராம் சிஓ2 காட்ரிட்ஜ், அதாவது கரியமில வாயு அடைச்ச குட்டி சிலிண்டர், ரெண்டுதான் வச்சிருந்தாரு.

பதட்டத்துல முதல்ல காட்ரிட்ஜை அடிச்சிட்டாரு, பிளக் வைக்காம, வால்வ் கீழ் பக்கம் இருக்கும்போது. அதாவது அந்த கேஸ் நேரா தேங்கி நிக்குற சீலன்ட்டுக்குள்ளயே பாஞ்சிருக்கு. அப்புறம் திரியை ரெண்டா மடிச்சு திணிச்சு அடுத்த காட்ரிட்ஜ் அடிச்சாரு, 2 கிலோமீட்டர்ல மறுபடி இறங்கிருச்சு. வீட்டுக்கு இன்னும் ரொம்ப தூரம்.

தள்ளிக்கிட்டே ஒரு பைக் பஞ்சர் கடைக்கு போனாரு. அந்தக் கடை அண்ணாச்சி நல்ல மனுஷன், உதவி பண்ணணும்னுதான் பாத்தாரு, பைக்குக்கு பண்றதை அப்படியே பண்ணினாரு. முதல்ல பல்லு வச்ச ஊசியால ஓட்டையை அராவி, அப்புறம் பசை தடவின தடிச்ச பிரவுன் திரியைத் திணிச்சாரு. பைக் டயர்ல அது சரி, அங்க ரப்பர் கனம் இருக்கு, திரியை கவ்விப் பிடிக்கும். சைக்கிள் டயரோட உள் நூல் அந்தப் பல்லுல அறுந்துருச்சு, 6 மில்லி வெட்டு 9 மில்லி ஆச்சு, திரி நிக்கல.

கடைசில டியூப் போட்டுரலாம்னு முடிவு பண்ணினாங்க, ரைடர் பைல ஒண்ணு வச்சிருந்தாரு, நான் சொல்லித்தான், டியூப்லெஸ்ஸா இருந்தாலும் ஒரு டியூப் எப்பவும் பைல இருக்கணும்னு. ஆனா அதோட சொல்லியிருக்க வேண்டிய இன்னொண்ணை நான் சொல்லல. டியூப் போட்டு 8 கிலோமீட்டர் வந்துருப்பாரு, அதுவும் இறங்கிருச்சு. ஒரு பஸ் ஸ்டாப் நிழல்ல உக்காந்து எனக்கு போன் பண்ணினாரு.

"டயருக்கு உள்ள கையை விட்டு தடவிப் பாத்தீங்களா தம்பி?"ன்னு கேட்டேன்.

"இல்லண்ணே."

"டயரைக் கழட்டி உள்பக்கத்தை வெளிய திருப்பி, மெதுவா, கர்ச்சீப் வச்சு தடவுங்க."

போனை வச்சிட்டு கால் மணி நேரத்துல ஒரு ஃபோட்டோ அனுப்பினாரு, கர்ச்சீப் மேல வரிசையா 11 முள்ளு. அந்த ஆறு வாரத்துல அத்தனை முள்ளு ஏறியிருக்கு, ஒவ்வொண்ணையும் சீலன்ட் சுத்தி அடைச்சுக்கிட்டே வந்துருக்கு, அவருக்கு ஒரு நாளும் தெரியல. டியூப்லெஸ்ஸா ஓடுற வரைக்கும் அந்த முள்ளு ஒண்ணும் பண்ணாது. டியூப்பை உள்ள போட்ட அந்த நிமிஷம் பதினொண்ணும் டியூப்பைக் குத்த காத்துட்டு இருக்கும். அன்னைக்கு டியூப்ல மூணு ஓட்டை. பக்கத்துல இன்னொரு கடையில ஒட்டு போட்டு, வெட்டு இருந்த எடத்துல பழைய டியூப் துண்டு ஒண்ணை ரெண்டா மடிச்சு உள்பக்கம் வச்சு, முள்ளை எல்லாம் பிடுங்கிட்டு, மெதுவா ஓட்டி ராத்திரி ஒன்பது மணிக்கு வீடு வந்து சேந்தாரு.

மறுநாள் டயருக்குள்ள பாத்தது

நான் அவரு வீட்டுக்கே போனேன், பின் டயரோட முன் டயரையும் பாக்கணும்னு. பின் டயருக்குள்ள, வால்வ் இருந்த பக்கம், உள்ளங்கை அளவுக்கு தயிர் மாதிரி உறைஞ்ச கட்டி, பிழிஞ்சா தண்ணி மாதிரி பிரிஞ்சு வருது. மீதி எடத்துல காய்ஞ்ச படலம். முன் டயர்ல சீலன்ட் இன்னும் பால் மாதிரியே இருந்துச்சு, ஆனா ஊத்தின 60-ல ஊசி போடுற சிரிஞ்சால உறிஞ்சு பாத்தா 35 தான் வந்துச்சு. ஆறு வார வெயில், மீதி டயர் சுவர்ல படலமாயிருச்சு.

ரைடரோட அப்பா முப்பது வருஷம் ரப்பர் வெட்டினவரு, இப்பவும் வீட்டுக்கு பின்னாடி கொஞ்சம் மரம் இருக்கு. அவரு அந்தக் கட்டியை வாங்கி விரல்ல நசுக்கிப் பாத்தாரு, மூக்குகிட்ட கொண்டு போனாரு. "இது நம்ம ரப்பர் பால்லா மக்ளே, ஆசிட் ஊத்தின மாதி உறைஞ்சிருக்கு. யாரு ஆசிட் விட்டா?"ன்னு கேட்டாரு.

நான் அசந்துட்டேன், ஏன்னா அதுதான் நடந்திருக்கு. பெரும்பாலான சீலன்ட்டுக்கு அடிப்படை இயற்கை ரப்பர் பால்தான், அது கெட்டியாகாம இருக்க அமோனியா சேக்குறாங்க, குமரி மாவட்டத்துல பாலை ஷீட் அடிக்காம பாலாவே விக்கிறவங்க பீப்பாய்ல அமோனியா விடுறதும் இதே காரணத்துக்குத்தான். ஷீட் அடிக்கணும்னா ஃபார்மிக் ஆசிட் விட்டு உறைய வைப்பாங்க. சிஓ2 தண்ணில கரைஞ்சா லேசான அமிலம், சீலன்ட்டுக்குள்ள நேரா அடிச்சா அமோனியாவோட வேலையை அது கெடுத்துருது, ரப்பர் திரண்டுருது. போதாததுக்கு காட்ரிட்ஜ்ல இருந்து வர்ற கேஸ் ஐஸ் மாதிரி குளிரும். சில சீலன்ட் கம்பெனிகளே சிஓ2 வேண்டாம்னு சொல்றது இதுக்குத்தான், நாங்க படிச்சும் அதை வெறும் எச்சரிக்கையா எடுத்துக்கிட்டோம், அவரு கட்டியை நசுக்கியே சொல்லிட்டாரு.

"அப்ப நம்ம பால்லயே கொஞ்சம் அமோனியா விட்டு டயருக்கு ஊத்துனா ஆவாதா?"ன்னும் கேட்டாரு. மரத்துல இருந்து வர்ற பால்ல ரப்பர் மூணுல ஒரு பங்குதான், மீதி பெரும்பாலும் தண்ணி, அதோட சீலன்ட்ல சீக்கிரம் காயாம இருக்க கிளைகாலும் ஓட்டைல போயி சிக்கிக்க பொடித் துகளும் கலந்திருக்கும், அது இல்லாம பெரிய ஓட்டை அடையாதுன்னு சொன்னேன். தலையாட்டிக்கிட்டாரு.

இதுக்கு அப்புறம் மாத்தினது

அந்த பின் டயரை தூக்கிட்டோம். உள் நூல் 9 மில்லிக்கு அறுந்த டயரை உள்பக்கம் ஒட்டு போட்டு ஊருக்குள்ள ஓட்டலாம், 300 கிலோமீட்டர் ராத்திரி ரைடுக்கு நான் குடுக்க மாட்டேன்.

கடைல என் வேலை முறையும் மாறிருச்சு. சீலன்ட் ஊத்துறதுக்கு முன்னாடி காய்ஞ்ச சக்கரத்தை தொட்டில முக்காம இப்ப ஒரு டியூப்லெஸ்ஸும் வெளிய போகாது, ஒரு ராத்திரி கூட ஆனாலும் சரி. டயர் ஓரத்துல வர்ற பொடி குமிழிக்கு சீலன்ட் போதும், வால்வ்லயோ நிப்பிள்லயோ ஒரே ஒரு குமிழி வந்தாலும் டேப்பைத் திறந்துருவேன். வீட்ல பண்றவங்க டேப் ஆர்டர் போடுறதுக்கு முன்னாடி ரிம்மோட உள் அகலத்தை அளந்து, அதை விட மூணு நாலு மில்லி அகலமா வாங்குங்க, கம்பி ஓட்டை மூடுனா போதும்னு நினைக்காதீங்க. காத்து நிக்கலைன்னா ரெண்டாவது தடவை சீலன்ட் ஊத்துறதுக்கு முன்னாடி சக்கரத்தை காதுகிட்ட வச்சு ஆட்டுங்க.

ரைடரோட பைல இப்ப காட்ரிட்ஜ் இல்ல, சின்ன கைப்பம்ப் இருக்கு. பிளக் திரி ஒன்றரை மில்லியும் மூன்றரை மில்லியும் ரெண்டும் இருக்கு. வெட்டு விழுந்தா முதல்ல பிளக், அப்புறம் வெட்டை கீழ் பக்கம் வச்சு சீலன்ட் அங்க தேங்க ஒரு நிமிஷம், அதுக்கு அப்புறம்தான் காத்துன்னு நாலஞ்சு தடவை பழைய டயர்ல குத்தி குத்தி பழகினாரு. பஞ்சர் கடைக்கு போனா காத்துக்கும் டியூப் ஒட்டுக்கும் மட்டும்தான், பல்லு ஊசியை டயர் பக்கம் விடக் கூடாது. மார்ச்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் ஆறு வாரத்துக்கு ஒருக்க வால்வ் கோரைக் கழட்டி, மெல்லிசான கேபிள் டை ஒண்ணை உள்ள விட்டு எவ்வளவு நனையுதுன்னு பாத்து சீலன்ட் சேக்குறாரு. கோர்ல காய்ஞ்ச ரப்பர் அடைச்சுக்கிட்டா கேஜ் தப்பா காட்டும், அதனால கழட்டும்போதே அதையும் துடைச்சிருவாரு.

ஜூலைல அந்த 300-ஐ 18 மணி 40 நிமிஷத்துல முடிச்சாரு, ஆரல்வாய்மொழில எதிர்க்காத்து தள்ளித் தள்ளி விட்டும். பஞ்சர்னு எங்கயும் நிக்கல. மறுநாள் சக்கரத்தை கடைக்கு கொண்டு வந்தப்ப பின் டயர்ல மூணு எடத்துல முள்ளோட கருப்பு முனை ரப்பரோட ரப்பரா தேஞ்சு போய் தெரிஞ்சுச்சு, ஒண்ணொண்ணையும் கீழ் பக்கம் திருப்பி, சீலன்ட் அங்க தேங்கினதும் குறடால இழுத்தேன், ஸ்ஸுன்னு ஒரு செகண்ட் சத்தம், ஒரு சொட்டு வெள்ளை, அப்புறம் நின்னுருச்சு.